மூன்றாவது பெஞ்சின் துடிப்பு

கனகவல்லி டீச்சர் வேலையை விட்டுவிட்ட செய்தி, இணைய வகுப்பின் கலந்துரையாடல் பக்கத்தில் மற்றப் பதிவுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் கிடந்தது. அலுவலகத்துக்கு வந்ததும் ஒரு கையில் காபியோடு பக்கத்தை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டு வந்த நஸீமா, அந்தப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சில மாதங்களாகவே டீச்சர் எதுவும் எழுதவில்லை.

“ஆறாவது பாடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் யார் என்பதைக் காட்டியதற்கு நன்றி. ராஜினாமா கொடுத்தேன், ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எல்லோரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.”

கீழே சிலர் கைகூப்பும் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள். ‘உங்கள் நேர்மைக்கு வணக்கம்’ என்று ஒருவர். தருமபுரிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், ‘ஏழாவது பாடத்தின் ஒப்படைப்புக்குக் கடைசித் தேதி எது?’ என்று கேட்டிருந்தார்.

நஸீமா காபியைக் கீழே வைத்தாள்.

‘எதிர் இருக்கை’ என்ற அந்த இணைய வகுப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வடிவமைத்தவள் அவள்தான். மேலப்பாளையத்தில் பத்து வருஷம் இயற்பியல் நடத்திவிட்டு, ஆசிரியர்களுக்கே பாடம் செய்யப் போகிறேன் என்று சென்னைக்கு வந்தவள். கட்டணம் கிடையாது, தமிழ்நாட்டில் எந்த ஆசிரியரும் வீட்டிலிருந்தபடியே சேரலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். வழிநடத்துநரான அவள் ஒருத்தியால் அத்தனை பேரையும் கைப்பிடித்துக் கூட்டிப்போக முடியாது. கூட்டத்துக்குள்ளேயே யாராவது ஒருத்தர் அந்த வேலையைத் தானாக எடுத்துக்கொண்டு செய்வார்கள். இந்தச் சுற்றில் அது வேதாரண்யம் பக்கத்துக் கணக்கு டீச்சரான கனகவல்லி.

விழுப்புரத்திலிருந்து ஒரு புது டீச்சர், ‘என் வகுப்பு என்னை மதிப்பதே இல்லை, கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வருகிறேன்’ என்று எழுதியபோது, நஸீமா மூன்று ஆராய்ச்சிக் கட்டுரைகளின் சுட்டிகளை அனுப்பினாள். கனகவல்லி எழுதியது வேறு. ‘முதல் வருஷம் நானும் அழுதிருக்கிறேன் பாப்பா. நாளைக்கு உள்ளே போனதும் பாடம் எடுக்காதே. கடைசி பெஞ்சில் போய் உட்காரு. அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேள். சாயங்காலம் எனக்கு எழுது.’ அந்தப் பெண் எழுதினாள். அப்புறம் தினமும் எழுதினாள். இப்போதும் வேலையில் இருக்கிறாள்.

கனகவல்லி எழுதுவதை நிறுத்தியபோது கணினி ஒரு வேலை செய்தது. ‘உங்களைத் தேடுகிறோம்! இன்னும் இரண்டு பாடங்களில் உங்கள் சான்றிதழ்!’ என்று தானாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. அந்த வாசகத்தையும் நஸீமாதான் எழுதியிருந்தாள்.

*

“ஆறாவது பாடத்துல அப்படி என்னதான் இருக்கு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க,” என்றார் இயக்குநர் பரிமளம். வேறு துறையிலிருந்து மாற்றலாகி அப்போதுதான் வந்திருந்தார். வந்த இடத்தில் எல்லாம் நன்றாக நடப்பதாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

தரவுகளைப் பார்த்துக்கொள்ளும் அருள்வேந்தன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். “பிள்ளைங்க கையில ஒரு பட்டை கட்டியிருக்கும்ல மேடம்?”

“வெயிலுக்குக் கொடுத்தது.”

“அதேதான்.”

காலை வழிபாட்டுக்கு நின்ற பிள்ளைகள் வரிசையிலேயே மயங்கி விழத் தொடங்கிய அந்தக் கோடைக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. உடம்புச் சூட்டையும் நாடித்துடிப்பையும் பார்த்துக்கொண்டே இருக்கும் பட்டை. அளவு மீறினால் பள்ளி அலுவலகத்தில் மணி அடிக்கும். எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதில் யாரும் குறை சொல்லவில்லை.

“வகுப்புல கேமரா இருக்கு, கையில துடிப்பு இருக்கு. ரெண்டையும் சேர்த்து, ஒரு பிள்ளை உக்கார்ந்த எடத்துல இருந்து அந்தப் பாடம் எப்படி இருந்திருக்கும்னு திரும்பக் கட்டலாம். டீச்சர் வீட்டுல கண்ணுல ஒரு கண்ணாடியை மாட்டிக்குவாங்க. அவங்க நடத்துன வகுப்புலயே ஒரு பிள்ளையோட எடத்துல உக்காருவாங்க. தன்னையே எதிர்ல பாப்பாங்க. அந்தப் பிள்ளையோட துடிப்பு இவங்க மணிக்கட்டுல அடிக்கும்.”

“அடிக்கும்னா?”

அருள்வேந்தன் மாதிரிப் பட்டையை அவர் கையில் கட்டி, கண்ணாடியை நீட்டினான். பரிமளம் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய இன்னொரு கை தானாக எழுந்துவந்து அந்த மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது.

“யாரோ ஒரு வாத்தியார் என்னைப் பார்த்து வர்றார்… இங்க ஓரத்துல என்னவோ எழுதி வருது. ‘பயம்’னு.”

“ஆமா மேடம். துடிப்பு ஒரு அளவைத் தாண்டுனா அப்படி வரும்.”

பரிமளம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அந்த வார்த்தை வந்த கதையை அவருக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் பொறியாளர்கள் போட்டிருந்த வார்த்தை ‘கிளர்வு’, உடம்பு எதற்காகவோ பரபரப்பதற்கு அவர்கள் வைத்த பெயர். ஒத்திகைக்கு வந்த ஆசிரியர்கள் அதைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் என்ன என்று கேட்டார்கள். சிலர் அதைக்கூடக் கேட்கவில்லை. நஸீமா உட்கார்ந்து யோசித்து அதை எடுத்துவிட்டு ‘பயம்’ என்று போட்டாள். அடுத்த ஒத்திகையில் ஓர் ஆசிரியர் கண்ணாடிக்குள்ளேயே அழுதார். மறுநாள் முதல் பிரம்பை எடுப்பதில்லை என்று எழுதினார். அது போதும் என்று நஸீமாவுக்குத் தோன்றியது. பாடம் செய்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறில்லை.

“சரி, விலகினவங்க யாரு?” என்றார் பரிமளம்.

அருள்வேந்தன் நஸீமாவைப் பார்த்தான். காலையிலிருந்து இரண்டு பேரும் அதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஆறாவது பாடத்துக்கு அப்புறம் நின்னு போனவங்கள்ல நிறையப் பேரு வேலையையே விட்டிருக்காங்க. இல்லன்னா பாடம் நடத்தாத வேலையாப் பார்த்து மாத்திக்கிட்டுப் போயிருக்காங்க,” என்றாள் நஸீமா. “பிள்ளைங்ககிட்ட ரொம்பப் பிடிச்ச டீச்சர் யாருன்னு எழுதி வாங்கியிருந்தோம் மேடம், அந்தப் பேருங்கதான் இதுல அதிகம்.”

“பாடத்தை முடிச்சவங்க?”

“முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகல. ‘பயம்’னு வந்தா, ‘பிள்ளைங்கன்னா வாத்தியார்கிட்ட பயம் இருக்கணும்ல’ன்னு எழுதிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க. முறத்தைத் தலைகீழாப் புடைச்சிருக்கோம் மேடம். நெல்லு பறந்துபோயிட்டு இருக்கு.”

“இருக்கிறவங்க எல்லாரும் பதர்ங்கறீங்களா?”

நஸீமாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. “அப்படிச் சொல்லக் கூடாதுதான்.”

“கூடாது. ரெண்டு மாநிலத்துல இருந்து இந்தப் பாடத்தைக் கேக்குறாங்க. நாலு பேரு மனசு ஒடிஞ்சு போயிட்டாங்கங்கிறதுக்காக நிறுத்த முடியாது. வேணும்னா ஆறாவது பாடத்துக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை போடுங்க. ‘மனம் தளர வேண்டாம்’னு.” பரிமளம் கொடுமைக்காரர் அல்ல. எழுந்து போகும்போது நஸீமாவின் தோளைத் தொட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டே போனார்.

கனகவல்லிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு நஸீமா விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

*

வேதாரண்யம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளங்கள். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. கனகவல்லியின் வீட்டு முன்கூடம் முழுக்க இறால் தீவன மூட்டைகள் அடுக்கியிருந்தன. மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கு ரசீது கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் டீச்சர். கணவரின் வியாபாரம். திரையில் பார்த்ததைவிடச் சின்ன உருவம்.

நஸீமா பேசிய பிறகு, குரலை வைத்துத்தான் டீச்சர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

“நஸீமா மேடமா? அட, வாங்க, வாங்க. இவ்வளவு தூரம்… முதல்ல தண்ணி குடிங்க. மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு பாருங்க.”

கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு அந்த உபசாரம் சங்கடமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மீன் சாப்பிடுவாளா என்று கேட்டு, பொரித்து வைத்தார். கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் நஸீமாவால் கேட்க முடிந்தது.

“என்ன பார்த்தீங்க டீச்சர்?”

கனகவல்லி புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்னைத்தான் பார்த்தேன். நான் அவ்வளவு பெரிய உருவமாங்க? அஞ்சடிகூட இல்ல நானு. அந்த பெஞ்சுல இருந்து பார்த்தா மலை மாதிரி வர்றேன். கேள்வியைக் கேட்டுட்டு வரிசை வரிசையா நடந்து வர்றேன். நான் ஒவ்வொரு எட்டு வைக்க வைக்க, இங்க அடிக்குது.” மணிக்கட்டைக் காட்டினார். “கிட்ட வந்தேன். எனக்கே மூச்சு முட்டுது. ‘பயம்’னு எழுதி வருது. நான் தாண்டிப் போனதும் அடங்குது. மேடம், பிள்ளைங்களை நான் அடிச்சதே இல்ல. திட்டுனதுகூட இல்ல. சிரிச்சுகிட்டுத்தான் கேப்பேன். அந்தச் சிரிச்ச மூஞ்சியைத்தான் பார்த்தேன். அதுக்கே ஒரு பிள்ளைக்கு நெஞ்சு அப்படி அடிக்குதுன்னா, இத்தனை வருசமா எத்தனை பிள்ளைங்களுக்கு…”

தலைப்பு நுனியை விரலில் சுற்றினார்.

“அப்புறம் என்ன பண்ணுனீங்க?”

“கேள்வி கேக்குறதை நிறுத்திட்டேன். கரும்பலகைப் பக்கத்துலயே நின்னுகிட்டேன். கிட்ட போனா பயப்படுமேன்னு. குரலைக்கூடத் தாழ்த்திதான் பேசுவேன். கணக்கை நானே போட்டு நானே விடை எழுதிருவேன். பிள்ளைங்க பாட்டுக்கு எழுதிக்கும். வகுப்பு அவ்வளவு அமைதியா ஆயிப்போச்சு. ஒரு நாள் திரும்பிப் பார்க்குறேன், ஒரு கண்ணுலயும் உயிர் இல்ல. கேட்டாலும் பயமுறுத்துறேன், கேக்காட்டியும் கெடுக்குறேன். அப்புறம் எதுக்கு நான் அங்க?”

“அது எந்தப் பிள்ளைன்னு தெரியுமா டீச்சர்?”

“மூணாவது பெஞ்சு, சன்னல் ஓரம். மிதுனா. ஏழாம் வகுப்பு. உப்பளத்துல வேலை பாக்குற அம்சவேணியோட பொண்ணு.”

“அவகிட்ட பேசுனீங்களா?”

கனகவல்லி அவளை நிமிர்ந்து பார்த்தார். “பேசக் கூடாதுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?”

போட்டிருந்தாள். பதிவில் வரும் பிள்ளையிடம் அதைப் பற்றி ஆசிரியர் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்பது பாடத்தின் முதல் விதி. ‘என்னைப் பார்த்தா உனக்குப் பயமா?’ என்று யாராவது முரட்டு வாத்தியார் போய் மிரட்டிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து எழுதிய விதி. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். அந்தப் பாடத்தில் பிள்ளையின் கண் இருந்தது, காது இருந்தது, நாடி இருந்தது. வாய்க்கு மட்டும் இடம் வைக்கவில்லை என்பது தீவன மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோதுதான் நஸீமாவுக்கு உறைத்தது.

“நான் போய்க் கேக்கட்டுமா டீச்சர்?”

“உங்க விதி, உங்க இஷ்டம்,” என்றார் கனகவல்லி. “நான் வரலைங்க. எந்த மூஞ்சியை வச்சுகிட்டு வர்றது?”

*

பள்ளித் தலைமையாசிரியர் சேவியர் முதலில் தயங்கினார். அம்மாவும் கூட இருந்தால் பேசலாம் என்றார். மதியம் உப்பளத்திலிருந்து வந்த அம்சவேணி, கால்களில் உப்பு பூத்திருக்க, வேப்பமரத்தடியில் மகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். “என்ன தப்பு பண்ணுனா மேடம்?” என்று கேட்டாள்.

“ஒரு தப்பும் இல்லம்மா. நான்தான் ஒண்ணு தெரிஞ்சுக்க வந்தேன்.”

மிதுனா ஒல்லியான பெண். இரட்டைச் சடை. கைப்பட்டையைத் திருகித் திருகி விட்டுக்கொண்டிருந்தாள். ஆடி மாசத்து வகுப்பு ஒன்றை ஞாபகம் இருக்கிறதா, டீச்சர் கேள்வி கேட்டுக்கொண்டே வரிசையாக நடந்துவந்த வகுப்பு, என்று நஸீமா மெல்ல எடுத்துக் கொடுத்தாள். அவள் நினைத்ததைவிடச் சீக்கிரம் பதில் வந்தது.

“ஆளு, நாளு கணக்கு.”

“ஞாபகம் இருக்கா!”

“உப்பு வார்ற கணக்குதான் போட்டாங்க. எனக்கு விடை தெரிஞ்சிருச்சு. மத்த யாருக்கும் தெரியல.”

“சொன்னியா?”

“கையைத் தூக்கலாமா வேண்டாமான்னு நெனைச்சுகிட்டே இருந்தேன். நான் தூக்குனதே இல்ல. டீச்சர் ஒவ்வொருத்தரா கேட்டுகிட்டே வந்தாங்க. இப்ப நம்மகிட்ட வருவாங்க, இப்ப கேப்பாங்க, இப்ப கேப்பாங்கன்னு…” அவள் கை சடை நுனியைப் பிடித்து இறுக்கியது. “வந்தாங்க. எனக்கு முன்னாடி பெஞ்சுல கார்த்திகாவைக் கேட்டாங்க. அதுக்குள்ள மணி அடிச்சிருச்சு. தாண்டிப் போயிட்டாங்க.”

மரத்துக்கு அப்பால் பிள்ளைகள் தட்டு கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்ப உனக்குப் பயமா இருந்துச்சாம்மா?”

மிதுனா யோசித்தாள். பெரியவர்களைத் திருப்திப்படுத்துகிற பதில் எது என்று தேடவில்லை, நிஜமாகவே யோசித்தாள்.

“பயமும்தான் கொஞ்சம். பயம்னு சொல்ல முடியாது மேடம். நெஞ்சு இப்படி இப்படின்னு அடிக்கும்ல, கபடியில நம்ம பேரைக் கூப்பிடப் போறப்ப. அது.”

“அதுக்கு என்ன பேரு?”

“தெரியல.”

நஸீமாவுக்கும் தெரியவில்லை. இத்தனை பாடம் எழுதியவளுக்கு அந்தத் துடிப்புக்கு ஒரு தமிழ் வார்த்தை சட்டென்று கிடைக்கவில்லை. வேறு பள்ளிகளில், வேறு பெஞ்சுகளில், சில பிள்ளைகளுக்கு அது வெறும் பயமாகவே இருந்திருக்கும். அதுவும் உண்மைதான். எது எதுவென்று கணினிக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்த மாதிரி ஒரு வார்த்தையைப் போட்டிருந்தாள்.

“மறுநாள் கேப்பாங்கன்னு நெனைச்சேன்,” என்று மிதுனாவே தொடர்ந்தாள். “கேக்கல. அதுக்கப்புறம் யாரையுமே கேக்கல. பக்கத்துலகூட வரல. முன்னாடியெல்லாம் எங்க நோட்டை எட்டிப் பார்ப்பாங்க. அப்புறம் ஸ்கூலை விட்டே போயிட்டாங்க.” கைப்பட்டையைத் திருகுவதை நிறுத்திவிட்டு நஸீமாவின் முகத்தைப் பார்த்தாள். “நாங்க என்ன மேடம் பண்ணுனோம்?”

அம்சவேணி மகளின் முதுகில் கையை வைத்தாள். “இதையேதான் வீட்டுலயும் கேட்டுகிட்டு இருக்கா.”

“நீங்க ஒண்ணும் பண்ணலம்மா,” என்றாள் நஸீமா. “உன் கையில அடிச்சதை நாங்க தப்பாப் படிச்சிட்டோம். டீச்சருக்கும் தப்பாவே சொல்லிட்டோம்.”

பிள்ளைக்கு அது எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. அம்சவேணி மட்டும் மகளின் கைப்பட்டையை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “இது வெயிலுக்குன்னுதானே மேடம் கையெழுத்து வாங்குனாங்க?” என்றாள். அந்தத் துடிப்பைப் பாடத்துக்குப் பயன்படுத்த இரண்டாவது கையெழுத்தும் ஒன்று வாங்கப்பட்டிருந்தது. அதில் இருந்த மொழியை நஸீமாவே ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தால்தான் புரிந்துகொள்ள முடியும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

*

பள்ளி வாசலிலேயே நின்று அருள்வேந்தனைப் போனில் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

“அந்த வார்த்தையை எடுத்துடறேன் அருள். இப்பவே.”

“பரிமளம் மேடம்கிட்ட கேட்டுட்டு…”

“கேட்டா குழு போடுவாங்க. குழு கூடறதுக்குள்ள அடுத்த சுற்று முடிஞ்சிரும். இன்னைக்கு சாயங்காலம் எத்தனை பேரு ஆறாவது பாடத்துல உக்காரப் போறாங்க, சொல்லு.”

“எடுத்துட்டு என்ன போடப்போறீங்க?”

“ஒண்ணும் போடல. துடிப்பு மட்டும் வரட்டும்.”

“அப்படின்னா என்ன அர்த்தம்னு ஆயிரம் பேரு கேப்பாங்க.”

“கேக்கட்டும். அந்தப் பிள்ளையைப் போய்க் கேளுங்கன்னு சொல்லுவோம். அன்னைக்கு வகுப்புல உனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டுட்டு வந்தாத்தான் ஏழாவது பாடம் திறக்கும். நான் போட்ட முதல் விதியையும் எடுத்துடறேன்.”

“கேட்டு மிரட்டுறவனும் இருப்பான்.”

“இருப்பான்,” என்றாள். “தெரிஞ்சேதான் பண்றேன்.”

வழிநடத்துநருக்குப் பாடத்தின் எழுத்தை மாற்றும் உரிமை உண்டு. எழுத்துப்பிழை திருத்துவதற்காகக் கொடுத்த உரிமை. மறுபடி வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்து, போனிலேயே, ‘பயம்’ என்ற வார்த்தையை அழித்தாள். அழித்த இடம் காலியாக இருந்தது.

இதற்காகப் பின்னால் அவள்மேல் விசாரணை வந்தது. ‘அந்த வார்த்தையை வைத்துத்தான் மூன்று வருஷ ஆய்வும் நடந்திருக்கிறது, தெரியுமா?’ என்று பரிமளம் கேட்டார். அந்தச் சுற்றில் பாடத்தை முடித்தவர்கள் தொகை பாதியாகச் சரிந்தது. பிள்ளையைப் போய்க் கேட்பது பலருக்கு முடியாத ஒப்படைப்பாக இருந்தது. பக்கத்து மாநிலம் ஒன்று பழைய பாடத்தையே, பழைய வார்த்தையோடு, தங்கள் மொழியில் மாற்றிக்கொண்டது. நஸீமாவைப் பாடநூல் கிடங்கு வேலைக்கு மாற்றினார்கள். ஆனால் வார்த்தையைத் திரும்பப் போடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. கேட்டுவிட்டு வந்த ஆசிரியர்கள் எழுதிய பதில்களைப் பரிமளம் உட்கார்ந்து படித்தார் என்று அருள்வேந்தன் பிறகு ஒரு நாள் சொன்னான். அதெல்லாம் நடக்க இன்னும் மாதங்கள் இருந்தன.

*

அன்று சாயங்காலம், திரும்பிப் போய்க் கனகவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சரின் முகம் மலரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். மலரவில்லை. கேட்கக் கேட்க அந்தச் சின்ன முகம் இறுகிக்கொண்டே போனது.

“அப்ப அந்தப் பிள்ளை எனக்காகக் காத்துகிட்டு இருந்திருக்கு.”

“ஆமா டீச்சர்.”

“நான் பயப்படுதுன்னு நெனைச்சு ஒதுங்கி நின்னிருக்கேன். அது, டீச்சருக்கு நம்மளைப் பிடிக்கலைன்னு நெனைச்சிருக்கு.” மூட்டைமேல் இருந்த ரசீதுப் புத்தகத்தை எடுத்தார், வைத்தார். “ஒரு வார்த்தை மேடம். எழுதும்போது உங்களுக்குத் தோணவே இல்லையா? நெஞ்சு அடிக்கிறதுக்கு உலகத்துல ஒரே ஒரு காரணம்தானா?”

“தோணல டீச்சர். பயம்னு போட்டா உங்களை மாதிரி ஆளுங்க காது கொடுத்துக் கேப்பாங்கன்னு தெரியும். அதனால போட்டேன்.”

“கேட்டேன். நல்லாவே கேட்டேன்.” கனகவல்லி எழுந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டு வந்தார். வேலை இனித் திரும்பாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அரசு ஏற்றுக்கொண்ட ராஜினாமா ஏற்றுக்கொண்டதுதான். நஸீமா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது டீச்சர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார்.

“சரி, அவ என்ன விடை வச்சிருந்தா?”

“எது டீச்சர்?”

“விடை தெரியும்னு சொன்னாள்ல? என்ன விடை?”

நஸீமா விழித்தாள். பயமா என்று கேட்டிருந்தாள். ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். விடை என்னவென்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

கனகவல்லி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்த கணவரிடம், “ஏங்க, கடையைப் பார்த்துக்குங்க, வந்துர்றேன்,” என்று குரல் கொடுத்துவிட்டு நடந்தார். அஞ்சடிகூட இல்லாத உயரத்துக்கு அது அசாத்திய வேகம். நஸீமா பின்னால் ஓட வேண்டியிருந்தது.

உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் அம்சவேணியின் வீட்டு முன்னால் மிதுனா தண்ணீர்க் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். அம்சவேணி உள்ளேயிருந்து பாயை எடுத்துக்கொண்டு வந்தாள். கனகவல்லி பாயைக் கண்டுகொள்ளவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, பிள்ளைக்கு நேர் எதிரில் மணலில் குந்தி உட்கார்ந்தார். இப்போது டீச்சர்தான் பிள்ளையை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

“நாலு பேரு ஆறு நாள்ல உப்பு வாரி முடிக்கிறாங்க. மூணு பேரு வாருனா எத்தனை நாளு?”

மிதுனாவின் உதடு ஒருமுறை அசைந்து நின்றது. பிறகு, அவ்வளவு மாதம் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்து நீட்டுவதுபோலச் சொன்னாள்.

“நாலரை நாளு டீச்சர்.”

நஸீமா மனசுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். தப்பு. இதற்காகவா அந்தத் துடிப்பு அத்தனையும்? டீச்சர் இப்போது என்ன செய்வார், சரி என்று சொல்லித் தலையைத் தடவிவிட்டு வந்துவிடுவாரா என்று அவள் கனகவல்லியைப் பார்த்தாள்.

கனகவல்லியின் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

“தப்பு,” என்றார் ஆசையாக.

“இல்ல டீச்சர்! கரெக்ட்டுதான்! நாலு பேருக்கு ஆறு. அப்ப ஒரு ஆளுக்கு ஒன்றரை. மூணு பேருக்கு நாலரை!”

“வகுத்தது கரெக்ட்டு. அப்ப ஆளைக் குறைச்சா வேலை சீக்கிரம் முடிஞ்சிருமா? உங்கம்மாவைத் தனியா விட்டா ஒன்றரை நாள்ல மொத்த உப்பையும் வாரிட்டு வந்துருவாளா?”

அம்சவேணி பாயைப் பிடித்தபடியே சத்தமாகச் சிரித்துவிட்டாள். மிதுனா அம்மாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். காது மடல் சிவந்தது. கண்ணைச் சுருக்கினாள். தடாலென்று மணலில் மண்டிபோட்டு, விரலால் ஒரு கோடு இழுத்தாள். அழித்தாள். மறுபடி இழுத்தாள்.

“ஒரு ஆளே எல்லாத்தையும் வாருனா…” என்று தொடங்கினார் கனகவல்லி.

“சொல்லாதீங்க டீச்சர்! இருங்க, இருங்க, சொல்லிராதீங்க!”

கனகவல்லி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். விரல் மணலில் ஓடுவதைப் பார்த்தபடி, அசையாமல் காத்திருந்தார்.